வெளிச்சவீடு தெரியாத காலை

திருகோணமலை,
தை மாதம்.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் பொங்கலுக்கு மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது. மகளுக்கு வேலை நிரந்தரமான செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். நான் அனுப்பிய கோணேசர் மலைப் படத்தைப் பார்த்துவிட்டு, "கடல் எங்கே? எங்கள் ஊரிலும் மூடுபனியா?" என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அதைப் பனி என்று சொல்ல மாட்டேன். பனி வெயில் ஏற ஏறக் கலைந்துவிடும். அந்தப் படம் எடுத்தது பகல் பதினொரு மணிக்கு.

மார்கழி பிறந்ததிலிருந்து காலையில் மலைக்குப் போகும்போது, வழியில் நின்று மூதூர்ப் பக்கம் பார்ப்பேன். கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர் தொலைவில் இருக்கும் வெளிச்சவீடு கண்ணுக்குத் தெரிகிறதா என்று ஒரு கொப்பியில் குறித்துக்கொள்கிறேன். காற்றின் திசை, முதல் நாள் மழை, மணம் ஆகியவற்றையும் எழுதுகிறேன். பெருமழை பெய்த மறுநாள் வெளிச்சவீடு பளிச்சென்று நிற்கும். மழையில்லாமல் வாடை இரண்டு மூன்று நாள் மெல்ல வீசினால் அது மறைந்துவிடும்.

மறைப்பது ஒரே புகையும் இல்லை. ஒன்று விடியற்காலையில் கூரை உயரத்தில் நீல நூல்போலக் கிடக்கும். விறகும் பொலித்தீனும் எரிந்த மணம் இருக்கும். நிலம் சூடேறி ஒன்பது, பத்து மணியானால் மேலெழுந்து போய்விடும். மற்றதற்கு மணமே இல்லை. நாள் முழுவதும் அசையாமல் நிற்கும். சூரியன் இருக்கும் பக்கம் பார்த்தால் பழுப்பேறிய சாம்பல் நிறம். முதலாவது எங்கள் ஊரில் பிறந்தது. இரண்டாவது கடல் கடந்து வந்தது.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் இருந்தபோது, வடக்கிலிருந்து குளிர்ந்த மாசுக் காற்றை இழுத்து நாடு முழுவதையும் மூடியது. டிசம்பர் 9 அன்று பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டார்கள். வடக்கிலும் கிழக்கிலும் அந்தக் குளிரில் மாடுகள் செத்து விழுந்தன. அன்றிலிருந்து தேநீர்க் கடைகளில் ஒரே பேச்சு: "எல்லாம் இந்தியாவிலிருந்து வருகிற புகை." இந்தப் பேச்சில் உண்மை உண்டு. 1999இல் ராமநாதன், குருட்சன் என்ற விஞ்ஞானிகள் முன்னின்று நடத்திய இந்து சமுத்திர ஆய்வில், குளிர்காலத்துத் தெற்காசியப் புகை கடலுக்கு மேல் மூன்று கிலோமீற்றர் உயரம் வரை பரவிக் கிடப்பதைக் கண்டார்கள். 2023 யூனில் கியூபெக் காட்டுத்தீயின் புகை உங்கள் ரொறொன்ரோ வரை வந்ததே, அதுபோலத்தான்.

ஆனால், அந்தப் புகை எதை எரித்ததால் வந்தது? அதையும் கண்டுபிடித்திருக்கிறார்கள், மச்சான். எனக்கு வியப்பாக இருந்தது அதுதான். நிலக்கரியும் டீசலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தவை. உயிரோடு இருப்பவற்றில் சேர்ந்து, அவை இறந்த பின் மெல்ல மெல்லக் குறையும் கார்பன் 14 என்ற கரிவகை நிலக்கரியிலும் டீசலிலும் மிஞ்சியிருக்காது. நேற்று வெட்டிய விறகில், வைக்கோலில், சாணத்தில் அது இருக்கும். மாலைதீவிலும் மேற்கு இந்திய மலையொன்றிலும் பிடித்த கரித்துகள்களை அப்படிச் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை அடுப்பிலும் வயலிலும் எரிந்தவை. எனக்கு உடனே அம்மாவின் குசினி நினைவுக்கு வந்தது. கறுத்த கூரை, ஊதுகுழல், புகையில் கலங்கிய அவள் கண்கள்.

கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்றும் சேர்கிறது. துகள்கள் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கின்றன. பருத்த துகள் ஒளியை இன்னும் சிதறடிக்கிறது. அதனால் விடியலில் அதே புகை இரண்டு மடங்காகத் தெரியும். போன கிழமை கடல் பக்கத்து யன்னல் கண்ணாடியை ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசினேன். உப்பு கரைந்துவிட்டது. அடியில் மை போன்ற ஒரு கறுப்பு தங்கியது. விரலில் தேய்த்துப் பார்த்தேன், சோப்பு போட்டும் ரேகைக்குள்ளிருந்து போக நேரம் எடுத்தது. அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில்தான் தங்கச்சி படுக்கிறாள். அவளுக்குத் தொய்வு இருப்பது உனக்குத் தெரியும். கொப்பியில் வெளிச்சவீடு தெரியவில்லை என்று குறித்த நாள்களில்தான் அவள் இரவில் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குகிறாள்.

முப்பது வருடமாக எங்கள் வளவுச் சருகைக் கூட்டி நானே எரித்து வந்தேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். இப்போது நிறுத்திவிட்டேன். சருகும் பன்னாடையும் தென்னம்பாத்திக்குள் போகின்றன. அடுத்த வீட்டு அக்காவிடமும் பேசினேன். பொலித்தீனை மட்டும் எரிக்காமல் கட்டி வைக்கிறேன் என்றார். வடக்கிலிருந்து வருவதை நான் தடுக்க முடியாது. ஆனால் சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வரப்போகிறது என்றபோது அந்த ஊர் மக்கள் விடாமல் எதிர்த்து நின்றார்கள். 2016இல் அது கைவிடப்பட்டது. அது வந்திருந்தால் குடாவின் அக்கரையிலேயே புகைபோக்கி நின்றிருக்கும். அதை நினைக்கும்போதெல்லாம் அவர்களுக்கு மனதார நன்றி சொல்கிறேன்.

நேற்று இரவு நல்ல மழை. இன்று காலை வெளிச்சவீடு தெரிந்தது, அதற்குப் பின்னால் கரையின் பச்சையும் தெரிந்தது. தங்கச்சியும் விடியும்வரை தூங்கினாள். நீ ஆனியில் வருவதாக எழுதியிருக்கிறாய். அப்போது கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும். இந்த வாடைப் புகை இருக்காது. திகதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்