தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத் தமிழ் மருத்துவப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் காலங்காலமாக டாக்டராகவும் பல் மருத்துவராகவும் பிசியோதெரபிஸ்டாகவும் இருந்துவரும் மூத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் பார்த்துப் பேசிக்கொள்கிறவர்கள்தான் நாம். ஆனால் அங்கே ஒரு விஷயத்தை மட்டும் பேசுவதே இல்லை. நம்மில் ஒருவர் குடியிலோ மாத்திரையிலோ தீராத மனச்சோர்விலோ விழுந்துவிட்டால், மூடி மறைக்கிறோம். "பாவம், பிள்ளைகுட்டிக்காரர், பதிவு நம்பர் போயிடும்" என்று சொல்லி அவருடைய டியூட்டியை நாமே பார்த்துக்கொடுக்கிறோம். அந்த அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதனால் ஆள் பிழைப்பதில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு அரசு மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில், படிப்பு முடித்ததும் செய்யவேண்டிய கட்டாய அரசுப் பணியான கம்யூனிட்டி சர்வீஸ் செய்துகொண்டிருந்த ஒரு இளம் பெண் டாக்டர் தன் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். இரவு டியூட்டி முடிந்து வந்தவள், வண்டியை எடுக்கப் பயந்துபோய் இருந்தாள். கோட் பாக்கெட்டில் ஸ்டெதஸ்கோப்போடு தூக்க மாத்திரை அட்டை ஒன்று. அதில் இரண்டோ மூன்றோதான் மிச்சம். தனக்குத்தானே எழுதிக்கொண்ட மாத்திரை. அவள் என்னிடம் முதலில் கேட்டது உதவி இல்லை. "அங்கிள், கவுன்சிலுக்குத் தெரிஞ்சா என் எம்.பி. நம்பர் போயிடுமா?" என்பதுதான். (கவுன்சில் என்றால் நம்மைப் பதிவு செய்யும் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சில்; எம்.பி. நம்பர் அது கொடுக்கும் மருத்துவர் பதிவு எண்.) அவளுக்கு மேலே இருந்த சீனியருக்கு விஷயம் முன்பே தெரியும். "நாலு நாள் லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டு வாம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நல்ல மனுஷர்தான். சட்டம் என்ன சொல்கிறது என்பது அவருக்குத் தெரியவில்லை.

சட்டம் சொல்வதை நாம் எல்லோரும் ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். நம் தொழிலை நெறிப்படுத்தும் 1974-ஆம் ஆண்டின் 56-ஆம் எண் சட்டம், தொழில் செய்யும் திறனையும் முடிவெடுக்கும் தெளிவையும் பாதிக்கும் உடல் அல்லது மன நிலையைத் தனியாக வரையறுத்து வைத்திருக்கிறது. அதைக் குற்றம் என்று சொல்லவில்லை. இப்படி வரும் விஷயங்களைப் பார்க்க கவுன்சிலில் உடல்நலக் குழு ஒன்று இருக்கிறது. ஒழுங்கு விசாரணைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சிகிச்சை எடுக்கச் சொல்வார்கள், ஒருவருடைய மேற்பார்வையில் வேலை செய்யச் சொல்வார்கள், அவ்வப்போது அறிக்கை கேட்பார்கள். ஒத்துழைத்தால் பெரும்பாலும் வேலையில் தொடரலாம். நிபந்தனைகளை மீறினால்தான் சிக்கல்.

அப்புறம், 2006-இல் வந்த கவுன்சிலின் நெறிமுறை விதிகளில் 25-ஆவது விதி. சக மருத்துவர் ஒருவர் இந்த நிலையில் இருக்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தால், கவுன்சிலின் கீழ் நம் தொழிலைப் பார்க்கும் போர்டுக்குத் தெரிவிப்பது நம் கடமை. தனக்கே இருந்தால் தானே தெரிவிக்க வேண்டும். அதோடு இன்னொன்றும் இருக்கிறது: உதவி தேடிக்கொள் என்று சக மருத்துவர் ஒருவர் தீவிரமாக எடுத்துச் சொல்லியிருந்தால், அதற்குப் பிறகு தன்னைப் பற்றித் தெரிவிக்கும் கடமை அந்த ஆளுக்கு வந்துவிடுகிறது. மூத்தவர்களே, நீங்கள் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லும் ஒரு வார்த்தைக்குச் சட்டமே அவ்வளவு எடை கொடுத்திருக்கிறது. அதை "லீவு போடு" என்பதோடு நிறுத்திவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம். (தாதியர் தனிக் கவுன்சிலின் கீழ் வருகிறார்கள், அவர்களுடைய விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும்.)

காட்டிக்கொடுப்பது போலாகிவிடாதா என்று கேட்பீர்கள். இந்த நாட்டில் மருத்துவர்கள் வாய் மூடி இருந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? 1977-இல் காவலில் இறந்த நிறவெறி எதிர்ப்புத் தலைவர் ஸ்டீவ் பிகோவை அங்கே பார்த்த டாக்டர்கள்மீது அன்றைய கவுன்சில் நடவடிக்கை எடுக்க மறுத்தது. யூசுஃப் வெரியாவா, ஃபிரான்சிஸ் ஏம்ஸ் உள்ளிட்ட ஆறு மருத்துவர்கள் நீதிமன்றம் போய், கவுன்சிலையே விசாரிக்க வைத்தார்கள். 1985-இல் அந்த டாக்டர்களில் ஒருவர் பதிவிலிருந்து நீக்கப்பட்டார். அது வேறு வகை விஷயம், ஒத்துக்கொள்கிறேன். நம் இளையவர்கள் குற்றவாளிகள் இல்லை. ஆனால் நோயாளியின் பக்கம் நிற்கச் சக மருத்துவரைப் பற்றிப் பேசத்தான் வேண்டும் என்பதை அந்த ஆறு பேர் செய்து காட்டினார்கள்.

பேசுவதற்கு முன் கைகொடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு உதவும் சேடாக் (SADAG) அமைப்பும் மருத்துவர் சங்கங்களும் சேர்ந்து 2020-இல், கோவிட் நேரத்தில், சுகாதாரப் பணியாளர்களுக்காகவே ஒரு உதவி வலையமைப்பைத் தொடங்கின. மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் இலவசமாகவே பேச முன்வந்தார்கள். மருத்துவர்களுக்குச் சட்டப் பாதுகாப்புத் தரும் எம்.பி.எஸ். (மெடிக்கல் புரொடெக்ஷன் சொசைட்டி) காப்பு எடுத்திருப்பவர்களுக்கு ரகசிய ஆலோசனைச் சேவை உண்டு. அந்தப் பெண்ணுக்கு இதில் ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை. ஏப்ரல் 1-க்குள் கவுன்சிலுக்குக் கட்ட வேண்டிய ஆண்டுக் கட்டணம் மட்டும் நன்றாக நினைவிருந்தது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு டாக்டரும் வருடத்துக்கு 30 சி.பி.டி. (தொடர் தொழிற்கல்வி) புள்ளிகள் எடுக்க வேண்டும். அதில் 5 நெறிமுறைக்கானவை. அந்தச் சாயங்காலக் கூட்டங்களை நம் வட்டாரத்தில் ஏற்பாடு செய்வதே நீங்கள்தான். பில்லிங் கோடும் ஒப்புதல் படிவமும் போதுமான அளவு கேட்டாகிவிட்டது. அடுத்த நெறிமுறைக் கூட்டத்தை 25-ஆவது விதிக்கு ஒதுக்குங்கள். உடல்நலக் குழு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். கம்யூனிட்டி சர்வீஸ் பிள்ளைகளையும் இன்டர்ன்களையும் முன்வரிசையில் உட்கார வையுங்கள். இரவு டியூட்டி இருக்கும் நாளாகப் பார்த்து வைத்துவிடாதீர்கள். இடம், சாப்பாட்டுச் செலவு பற்றிக் கவலை வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களோடு தொழில் செய்யும் ஒரு பொது மருத்துவர்