முதல் எக்ஸ்பொக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு: சுவிட்சைப் போடும் முன் வாசிக்க

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அலுமாரிக்கு மேலே, கட்டிலுக்கு அடியில் என்று எங்காவது பழைய கறுப்பு எக்ஸ்பொக்ஸ் ஒன்றை வைத்திருந்தால் இந்த மடல் உங்களுக்குத்தான். மைக்ரோசொப்ட் செய்த முதல் கேம் கொன்சோல் அது. 2001 நவம்பர் 15இல் அமெரிக்காவிலும், 2002 மார்ச்சில் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் விற்பனைக்கு வந்தது. கொழும்பில் எங்கள் பழுதுபார்க்கும் மேசைக்கு வருபவை பெரும்பாலும் லண்டன், சிட்னி, டொராண்டோ உறவினர்கள் கொண்டுவந்து கொடுத்தவை. மெஷின் எந்த ஊரில் இருந்து வந்தது என்பது பழுதுபார்க்கும்போது மிகவும் முக்கியம். அதைப் பிறகு சொல்கிறோம்.

முதலில் அவசரமான விஷயம். அந்த மெஷினுக்குள் நேரத்தை நினைவில் வைத்திருக்க ஒரு சின்னக் கப்பாசிட்டர் இருக்கிறது: 1 ஃபாரட், 2.5 வோல்ட். கொன்ட்ரோலர் வயர்கள் மதர்போர்ட்டில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், முன்புறமாக நிற்கும். இது வயதானால் கசியும். மெஷினைப் பாவிக்காமல் பெட்டியில் பூட்டி வைத்திருந்தாலும் கசியும். கசிந்த திரவம் போர்ட்டின் செப்புத் தடங்களை மெல்ல அரித்துக்கொண்டே போகும். ஆகவே, "நல்லாத்தானே ஓடுது, பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள். நன்றாக ஓடுகிற மெஷினில் அதைக் கழற்றுவது சின்ன வேலை. அரித்த பிறகு ஒவ்வொரு தடமாகத் தேடி வயர் இழுப்பது அரைநாள் வேலை.

கழற்றினால் என்ன குறையும்? பிளக்கைப் பிடுங்கினாலோ கரண்ட் போனாலோ திகதியும் நேரமும் அழியும், மறுபடி செட் பண்ண வேண்டும். அவ்வளவுதான். பிளக் சுவரில் இருக்கும்வரை நேரம் ஓடும். அந்தக் கப்பாசிட்டர் புதிதாக இருந்த காலத்திலேயே நேரத்தைச் சில மணித்தியாலங்கள்தான் தாங்கியது. அதற்காக இன்னொன்றை வாங்கிப் பூட்டுவது வீண் என்பது எங்கள் கருத்து. சேவ் செய்த கேம்களுக்கு ஒன்றும் ஆகாது, அவை ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன.

ஒரு விதிவிலக்கு உண்டு. 1.6 என்று அழைக்கப்படும் கடைசி ரகப் போர்ட்டில் வேறு தரமான கப்பாசிட்டரைப் போட்டிருக்கிறார்கள். அது இலகுவில் கசிவதில்லை, கசிவு தெரியாவிட்டால் நாங்கள் அதைத் தொடுவதில்லை. உங்களுடையது எந்தக் காலத்தது என்று அறிய அடியில் ஒட்டியிருக்கும் தொடரிலக்கத்தின் கடைசி ஐந்து இலக்கங்களைப் பாருங்கள். 20903 என்றால் முதல் 2 ஆண்டு, அதாவது 2002. அடுத்த 09 அந்த ஆண்டின் ஒன்பதாம் வாரம். கடைசி 03 தொழிற்சாலை: 02 மெக்சிகோ, 03 ஹங்கேரி, 05 சீனா, 06 தாய்வான். ஐந்தில் முதல் இலக்கம் 1, 2 அல்லது 3 என்றால் யோசிக்கவே வேண்டாம், கழற்ற வேண்டிய ரகம்தான். 4 அல்லது அதற்கு மேல் என்றால் திறந்து பார்த்துத்தான் சொல்லலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு முறையைச் சொல்கிறோம். பிளக்கைக் கழற்றிவிட்டுக் குறைந்தது அரை மணித்தியாலம் விடுங்கள். பவர் சப்ளைக்கு மூடி கிடையாது. நமது 230 வோல்ட் அதற்குள் ஏறத்தாழ 325 வோல்ட் நேரோட்ட மின்னாக மாறிப் பெரிய கப்பாசிட்டரில் தேங்கி நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் சற்று நேரம் நிற்கும். பெட்டியைக் கவிழ்த்தால் ஆறு திருகாணிகள்: நான்கு ரப்பர் கால்களுக்குக் கீழே, இரண்டு ஸ்டிக்கர்களுக்குக் கீழே. அவற்றுக்கு டி20 நட்சத்திரத் திருப்புளி வேண்டும். உள்ளே டிவிடி டிரைவையும் ஹார்ட் டிஸ்க்கையும் பிடித்திருப்பவை டி10. இரண்டையும் தூக்கினால் போர்ட் தெரியும்.

கப்பாசிட்டருக்கு இரண்டே கால்கள்தான். ஆனால் ஒரு கால் போர்ட்டின் பெரிய கிரவுண்ட் செப்புத் தகட்டில் இறங்குகிறது. அந்தத் தகடு சூட்டை இழுத்துக்கொள்வதால் மெலிந்த சோல்டரிங் அயர்ன் அங்கே தோற்றுவிடும். 60 வாட் அயர்னும் அகலமான முனையும் எடுத்து, பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் சேர்த்து இளக்கி, இரண்டு கால்களையும் மாறி மாறிச் சூடாக்கிச் சரித்து எடுங்கள். ஈயம் இளகும் முன் இழுத்தால் துளையின் செப்பு வளையமும் சேர்ந்து வந்துவிடும். பின் 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் அல்ககோலும் பழைய பல் துலக்கியும் கொண்டு இரு பக்கமும் துலக்குங்கள். பஞ்சு வேண்டாம், நார் சிக்கிக்கொள்ளும்.

துலக்கும்போது பளிச்சென்ற பச்சைப் பூச்சின் கீழே தடம் கறுத்திருந்தால், அல்லது சின்னத் துளைகளைச் சுற்றி நீலப்பச்சைப் பொடி பூத்திருந்தால் வேலை அங்கே முடியவில்லை. பல்குத்தியால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள், அரித்த தடம் துண்டாகக் கிளம்பும். மல்டிமீட்டரால் இரண்டு முனைக்கும் இடையே மின் தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாத இடத்தில் மெல்லிய வயரால் பாலம் போட வேண்டும்.

இங்கே கடற்கரைக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளையில் கடலைப் பார்த்த வீடுகளில் உப்பும் ஈரமும் தூசியோடு சேர்ந்து போர்ட்டில் படிகிறது. கப்பாசிட்டர் கசியாத மெஷினில்கூட பவர், இஜெக்ட் பட்டன்களுக்கான மெல்லிய தடங்கள் இதனால் அரித்துப் போகின்றன. அறிகுறி விசித்திரமாக இருக்கும்: யாரும் தொடாமல் மெஷின் தானாக ஒன் ஆகும், தட்டுத் தானாக வெளியே வரும், அல்லது பட்டனை அழுத்த அழுத்த அசையாது. பவர் சப்ளை போய்விட்டது என்று நினைத்து அதை மாற்றிப் பயனில்லை. தடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இனி, எந்த ஊர் மெஷின் என்ற கேள்வி. டொராண்டோவில் இருந்து வந்தது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நமது சுவரில் நேரடியாகச் சொருகினால் பவர் சப்ளை அந்த நொடியே போய்விடும். பிளக் அடப்டர் முள்ளின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும், 200 வாட்டுக்குக் குறையாத ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் ஒன்றை வைத்துப் பாவியுங்கள். இல்லாவிட்டால் பழுதான லண்டன் அல்லது ஆஸ்திரேலிய மெஷினில் இருந்து 230 வோல்ட் பவர் சப்ளையை எடுத்துப் பூட்டலாம். ஆனால் எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. போர்ட் ரகத்தைப் பொறுத்து 1.0, 1.1 ஒரு வகை, 1.2 முதல் 1.5 வரை இன்னொரு வகை, 1.6 தனி வகை. கனெக்டர் வேறு, அதை வெட்டி ஒட்டி மாற்றுவதற்கு நாங்கள் உடன்படுவதில்லை.

மின்சார வயரையும் பாருங்கள். 2005 பெப்ரவரியில் தீ அபாயம் காரணமாக 141 இலட்சம் பவர் வயர்களை மாற்றிக் கொடுப்பதாக மைக்ரோசொப்ட் அறிவித்தது. பழைய மெஷின்களில் வயர் சொருகும் சொக்கெட்டின் ஈயம் ஆடி ஆடி வெடித்துவிடும், அந்த இடைவெளியில் பொறி பறக்கும். சொக்கெட்டைச் சுற்றிக் கருகிய நிறம் தெரிந்தால் சுவிட்சைப் போடாமலே கொண்டு வாருங்கள். ஈயத்தைப் புதுப்பிப்பது சின்ன வேலைதான்.

லண்டன் மெஷினுக்கு வோல்ட் தொல்லை இல்லை, படத்தில்தான் தொல்லை. கொன்சோலின் பின்னால் சொருகும் சின்ன எச்டிஎம்ஐ அடப்டர்கள் கொம்பொனன்ட் சிக்னலை, அதாவது படத்தை மூன்று வயர்களில் பிரித்து அனுப்பும் சிக்னலை, நம்பி வேலை செய்பவை. பால் (PAL) என்ற ஐரோப்பிய, ஆஸ்திரேலிய டிவி முறைக்காக விற்ற எக்ஸ்பொக்ஸ் அந்தச் சிக்னலைத் தருவதில்லை. ஆகவே டிவி கறுப்பாகவே நிற்கும். அடப்டரும் பழுதில்லை, மெஷினும் பழுதில்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரால் முதலில் சோதித்துவிட்டு வாருங்கள்.

ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். உள்ளே இருப்பது 8 அல்லது 10 ஜிகாபைட் ஐடிஈ டிஸ்க். கொம்பியூட்டர் டிஸ்க் போலத்தான் இருக்கும், ஆனால் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டது. அதன் திறவுகோல் மதர்போர்ட்டில் உள்ள ஈப்ரொம் (EEPROM) என்ற 256 பைட் நினைவகச் சிப்பில் இருக்கிறது. அதனால் ஒரு மெஷினின் டிஸ்க் இன்னொன்றில் ஓடாது. திரையில் 05 என்று வந்தால் டிஸ்க் பூட்டப்படவில்லை, 06 என்றால் பூட்டைத் திறக்க முடியவில்லை, 07 என்றால் டிஸ்க் பதில் சொல்லவில்லை, 08 என்றால் டிஸ்க்கே தெரியவில்லை. 07, 08 வந்தால் முதலில் ரிபன் கேபிளைக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள், பல தடவை அதோடு சரியாகிவிடும். மெஷின் ஓடும்போதே ஈப்ரொமைப் பிரதி எடுத்து வைத்தால் டிஸ்க் செத்தாலும் புதியதைப் பூட்டலாம். டிஸ்க் செத்த பிறகு அதே வேலை பல மடங்கு சிரமம். ஆகவே கப்பாசிட்டர் கழற்ற வரும்போதே இதையும் கேளுங்கள், பிரதியை உங்கள் பென் டிரைவில் தந்துவிடுவோம்.

தட்டுத் திறக்காமல் முனகினால் டிவிடி டிரைவின் ரப்பர் பெல்ட் தொய்ந்திருக்கும். புது பெல்ட் போதும். மெஷின் மூன்று தடவை ஒன் ஆக முயன்று பார்த்துவிட்டு, முன்பக்க விளக்கு சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி மின்னினால் அது போர்ட் மட்டத்துக் கோளாறு. அதைப் பார்க்க நேரம் எடுக்கும், எல்லாமே திரும்பும் என்று வாக்குக் கொடுக்க மாட்டோம்.

733 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3 வழிவந்த புரொசஸர், என்விடியாவின் 233 மெகாஹெர்ட்ஸ் கிரஃபிக்ஸ் சிப், இரண்டும் பங்கிடும் 64 மெகாபைட் நினைவகம். இவை இலேசில் சாவதில்லை. மெஷினைக் கொல்வது பெரும்பாலும் விளிம்பில் நிற்கும் மலிவான சாமான்கள். புரொசஸருக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய கப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். வோல்ட்டும் கொள்ளளவும் பழையதில் அச்சிட்டபடியே இருக்கட்டும், குறைந்த மின்தடை உள்ள ரகமாக இருக்கட்டும்.

கொண்டு வரும்போது பவர் வயரும் ஒரு கொன்ட்ரோலரும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். டிவிடி தட்டில் கேம் டிஸ்க் இருந்தால் எடுத்துவிடுங்கள். எந்த நாட்டில் வாங்கியது, கடைசியாக எப்போது ஓடியது, இங்கே எந்தச் சுவரில் சொருகிப் பார்த்தீர்கள் என்பதை ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிட்டால் எங்களுக்குப் பெரிய உதவி. திறந்து பார்த்து நிலைமையைச் சொல்வதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
பழுதுபார்க்கும் பகுதி,
வெள்ளவத்தை, கொழும்பு 06