பழைய சண்டை கேம்களின் நேரக்கணக்கைக் கெடுக்காதீர்கள்

காப்காம், செகா, பண்டாய் நாம்கோ, சோனி நிறுவனங்களில் பழைய கேம்களை மறுபடி வெளியிடும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

1990களில் வீட்டு கன்சோல்களுக்கு நீங்கள் தந்த சண்டை கேம்களை இன்றும் ரசித்து ஆட முடியும் என்று சொன்னால், அது சின்ன வயசு ஆசை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களோ என்ற சந்தேகம், சில மறுவெளியீடுகளைப் பார்க்கும்போது எனக்கு வருகிறது.

எல்லாமே தேறும் என்று சொல்ல மாட்டேன். முப்பரிமாணத்துக்காக 1995இல் கொண்டாடப்பட்ட பேட்டில் அரீனா டோஷின்டென் இன்று பத்து நிமிடத்தில் சலித்துவிடுகிறது. 1992இல் சூப்பர் நின்டெண்டோவுக்கு வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐத் தனியாக ஆடினாலும் கடுப்புதான். கைல் என்ற வீரனை வைத்து ஆடும் நாம், எதிரி மேல் பறந்து போகும் அவனுடைய சோனிக் பூம் அடியை விட, பின்பக்கம் அழுத்திப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஆடும் கைலோ முன்னால் நடந்துகொண்டே விடுவான். சுத்த அழுகுணி ஆட்டம்.

ஆனால் பக்கத்தில் ஓர் ஆள் கன்ட்ரோலரோடு உட்கார்ந்துவிட்டால் அதே கேம் வேறாகிவிடுகிறது. அடிமேல் அடி கோக்கும் காம்போ, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் திட்டமிட்டு வைத்ததல்ல. காரை நொறுக்கும் போனஸ் சுற்றைச் சோதிக்கும்போது, ஒரு குத்துக்குள் இன்னொரு குத்து நுழைவதைத் தயாரிப்பாளர் ஃபுனமிசு கவனித்தார். இருக்கட்டும் என்று விட்டுவைத்தார்கள். நொடியில் அறுபதில் ஒரு பங்குக் கணக்கில் பிறந்த அந்தச் சங்கதி, பிறகு வந்த சண்டை கேம்களுக்கெல்லாம் அடிப்படையாகிவிட்டது.

1998இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த டெக்கன் 3, தமிழ்நாட்டில் மணிக்கணக்குக்குக் காசு வாங்கிய கேம் கடைகளில் ஒரு தலைமுறையையே கட்டிப்போட்டது. அண்மையில் அக்கா மகனை அதன் முன் உட்கார வைத்தேன். புதிய கேம்களில் ஊறியவன். முதலில் எடி என்ற வீரனை எடுத்துக்கொண்டு கைக்கு வந்த பட்டனையெல்லாம் அழுத்தினான். அது எடுபடவில்லை என்றதும் பின்பக்கம் அழுத்தித் தடுத்துக்கொண்டே நின்றான். நான் கிங் என்ற மல்யுத்த வீரனை வைத்துப் பிடித்துத் தூக்கி அடித்தேன். "என்ன மாமா, தடுத்தாலும் அடி விழுது?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனே கண்டுபிடித்தான்: என் கை நீண்டதும் குனிந்தான், பிடி காற்றில் போனது, கீழிருந்து ஒரே குத்தில் என்னை மேலே தூக்கினான். அடுத்த முறை அவன் குனிவான் என்று நினைத்து நான் நடு உயரத்தில் உதைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு பேருமே எதிராளியின் மனசைத்தான் படித்துக்கொண்டிருந்தோம். நின்று தடுப்பவனைப் பிடி வெல்லும், பிடியைக் குனிவது வெல்லும், குனிவதை நடு அடி வெல்லும். படத்தில் முகங்கள் கட்டை கட்டையாக இருப்பது அவன் கண்ணில் படவே இல்லை.

இந்த ஆட்டம் முழுக்க நேரத்தை நம்பி இருக்கிறது. அப்படியிருக்க, பழைய கேம்களை உள்ளேயே வைத்து சோனி 2018இல் விட்ட குட்டி கன்சோலான பிளேஸ்டேஷன் கிளாசிக்கில், ஜப்பானுக்கு வெளியே இதே டெக்கன் 3-இன் ஐரோப்பிய 50 ஹெர்ட்ஸ் பதிப்பைப் போட்டார்கள். நொடிக்கு 60 படம் என்று செதுக்கிய ஆட்டம் 50க்குச் சுருங்கியது. புதிதாக அதை ஆடிப் பார்த்தவர்கள், பழைய கேம் என்றால் இப்படித்தான் திக்கும் போல என்று முடிவு கட்டியிருந்தால் அவர்கள் மேல் என்ன குற்றம்?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. 60 ஹெர்ட்ஸ் பதிப்பையே தாருங்கள். பட்டனை அழுத்தியதற்கும் திரையில் கை நீள்வதற்கும் நடுவில் எவ்வளவு தாமதம் என்று அளந்து வெளியிடுங்கள். ஆன்லைனில் ஆட ரோல்பேக் வேண்டும்: எதிராளி அழுத்தியது வந்து சேரும்வரை காத்திராமல் ஊகித்து ஆட்டத்தை ஓட்டி, ஊகம் தப்பினால் பின்னால் போய்த் திருத்தும் முறை அது. அதற்கான ஜிஜிபிஓ நிரல் 2019இலிருந்தே யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து கிடக்கிறது. காப்காமின் 2018 ஸ்ட்ரீட் ஃபைட்டர் தொகுப்பில், 12 கேம்களில் நான்குக்கு ஆன்லைன் ஆட்டம் இருந்தது. ஆனால் எல்லாமே ஆர்கேட் பதிப்புகள், அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் எந்திரங்களுக்கானவை. வீட்டுப் பதிப்புகளும் தனிப் படைப்புகள்தான். டெக்கன் 3-இல் பந்தை வைத்து மோதும் டெக்கன் பால் ஆட்டம் வீட்டுப் பதிப்பில்தான் வந்தது; 1999இல் செகாவின் ட்ரீம்காஸ்ட் கன்சோலுக்கு வந்த சோல்காலிபர் ஆர்கேடையே மிஞ்சியது. படத்தை மெருகேற்றச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பகுதியை இவற்றுக்கு ஒதுக்குங்கள். மெருகு இல்லாமலே நாங்கள் வாங்குவோம்.

அன்புடன்,
ஒரு சண்டை கேம் ஆட்டக்காரன்