மேடையில் எதிர்த்துப் பேச ஆளில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகரும் நடிகருமான பால் ராப்சனைப் பற்றிய ஓராள் நாடகம் குறித்து வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாக, இரண்டாம் தடவை கொஞ்சம் எரிச்சலோடு. ராப்சன் பேரைத் தமிழ்ப் பத்திரிகையில் பார்த்தே எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, அது சந்தோஷம். எரிச்சல் எதற்கு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தபோது நானும் அப்படி ஒரு நாடகம் பார்த்தேன். ஒரு நூலகத்து மாடியில், அறுபது நாற்காலி போட்ட சின்ன ஹால். ஒரு நடிகர், பியானோ வாசிக்க ஒருவர், ஒரு மேஜை, அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரத்தில் எழுபத்தேழு வருட வாழ்க்கை. அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடிவந்து பாதிரியாரான அப்பா, ரட்கர்ஸ் கல்லூரியில் அமெரிக்கக் கால்பந்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பு, அவர் சொல்லச் சொல்ல எழுத மாட்டேன் என்று வெள்ளைக்கார ஸ்டெனோ மறுத்ததும் வக்கீல் வேலையை உதறிவிட்டுப் பாடவும் நடிக்கவும் போனது எல்லாம் சரசரவென்று வந்து போயின. அந்த நடிகருக்கு ராப்சன் குரல் இல்லை, யாருக்குமே இல்லை, அது அவருக்கும் தெரிந்திருந்தது. அதனால் அந்த அடிக்குரலைப் பிடிக்க முயலாமல், ராப்சன் செய்வது போலவே காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்துக்கொண்டு பாதி முணுமுணுப்பாகவே பாடினார். அது போதுமானதாக இருந்தது.

ஒரு காட்சியில் ஹாலே அசையாமல் உட்கார்ந்திருந்தது. சோவியத் சார்பு இடதுசாரி என்று பார்க்கப்பட்ட ராப்சனுடைய பாஸ்போர்ட்டை 1950-இல் அமெரிக்க அரசு பறித்துவிட்டது. எட்டு வருடம் வெளிநாடு போக முடியாது. உள்நாட்டிலோ ஹால் கொடுக்க ஆளில்லை, ரேடியோ இல்லை, ரெக்கார்டு கம்பெனி இல்லை. 1957 அக்டோபரில் வேல்ஸில் போர்த்கால் என்ற ஊரில் சுரங்கத் தொழிலாளிகள் கலைவிழா நடத்தினார்கள். அழைத்தால் வர முடியாது என்று தெரியும். அதற்கு முந்தைய வருடம்தான் அட்லாண்டிக்குக்கு அடியில் தொலைபேசிக் கம்பி போட்டு முடித்திருந்தார்கள். அந்தக் கம்பி வழியாக, நியூயார்க்கில் ஓர் அறைக்குள் உட்கார்ந்து ராப்சன் பாட, இங்கே ஆயிரக்கணக்கானோர் ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்து கேட்க, ட்ரியார்க்கி ஆண்கள் பாடகர் குழு பதிலுக்குப் பாட, அவர் அதைக் கேட்டார். பார்த்துக்கொள்ள வழியில்லாத இரண்டு கூட்டம், நடுவில் ஒரு கடல். ஓராள் நாடகம் இவருக்கு ஏன் பொருந்துகிறது என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது. அவரைத் தனி ஆளாக மேடையில் நிறுத்தியது நாடக ஆசிரியர் இல்லை, அரசாங்கம்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன்.

உங்கள் கட்டுரையாளர், மாஸ்கோ விஷயத்தை நாடகம் தொடாமல் விட்டது நல்லது, அது மேடைக்கு வேண்டாத அரசியல் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் பார்த்த நாடகத்திலும் அது இல்லை. வீடு திரும்புகிற பஸ்ஸில் மகளிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன், அவள் தூங்கிவிட்டாள்.

விஷயம் இது. 1949 ஜூனில் ராப்சன் மாஸ்கோ போகிறார். ஸாலமன் மிகோயல்ஸ், இட்ஸிக் ஃபெஃபர் என்ற இரண்டு சோவியத் யூதக் கலைஞர்களை 1943-இல் நியூயார்க்கிலேயே சந்தித்துப் பழகியவர் அவர். மிகோயல்ஸ் 1948-லேயே செத்துப்போயிருந்தார், விபத்து என்று சொன்னார்கள், உண்மையில் கொலை. கவிஞர் ஃபெஃபர் எங்கே என்று ராப்சன் விடாமல் கேட்கிறார். சிறையில் இருந்தவரைக் குளிப்பாட்டி, நல்ல உடை போட்டு ஹோட்டல் அறைக்குக் கூட்டிவருகிறார்கள். அறையில் ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கிறது என்று ஃபெஃபர் ஜாடை காட்டுகிறார். வாய் குசலம் விசாரித்துக்கொண்டிருக்க, கை வேறு கதை சொல்கிறது. கடைசியில் தன் கழுத்துக்குக் குறுக்கே விரலை இழுத்துக் காட்டுகிறார். இதை ராப்சன் தன் மகனிடம் சொல்லி, மகன் பின்னால் எழுதியதால்தான் நமக்குத் தெரியும்.

மாஸ்கோ கச்சேரியில் ராப்சன் அந்த இரண்டு நண்பர்களின் பெயரையும் மேடையில் சொன்னார். அடைத்துவைக்கப்பட்ட வார்சா கெட்டோ என்ற குடியிருப்பில் நாஜிகளை எதிர்த்து எழுந்த யூதர்களை நினைவுகூர்ந்து, அவர்கள் பேசிய யித்திஷ் மொழியிலேயே ஒரு போராளிப் பாட்டைப் பாடினார். அந்த ஊரில் அந்த வருடத்தில் அது சாதாரணக் காரியமில்லை. ஆனால் அமெரிக்கா திரும்பிப் பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, யூத வெறுப்பு எதையும் தான் பார்க்கவில்லை என்றார். 1952 ஆகஸ்டில் ஃபெஃபரைச் சுட்டுக் கொன்றார்கள். அதே வருடத்து ஸ்டாலின் சமாதானப் பரிசு ராப்சனுக்குக் கிடைத்தது. வாங்கிக்கொண்டார்.

இதைச் சொன்னால் எதிரிக்கு ஆயுதம் கொடுப்பதாகிவிடும் என்று அவர் நினைத்திருக்கலாம். மாஸ்கோவிலிருந்து வந்து மூன்று மாதம் ஆவதற்குள் நியூயார்க் பக்கத்துப் பீக்ஸ்கில்லில் அவர் கச்சேரிக்கு வந்தவர்களைக் கும்பல் அடித்து விரட்டியது, ஒரு வாரம் கழித்து மறுபடி நடத்தியபோது திரும்பிப் போகிற பஸ்கள் மீது கல்மழை. அந்த நிலைமையில் இருக்கிற ஒருவர் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து நான் சொல்வது சுலபம். ஆனாலும் அந்த மௌனம் அவருடையது. 1956-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் விசாரணைக் குழு முன்னால், ரஷ்யாவிலேயே இருந்திருக்க வேண்டியதுதானே என்று கேட்டவர்களிடம், என் அப்பா அடிமையாக இருந்தவர், என் மக்கள் செத்து இந்த நாட்டைக் கட்டினார்கள், நான் இங்கேயேதான் இருப்பேன் என்று அடித்துச் சொன்ன அதே வாய்தானே. அந்தக் காட்சிக்கு நாங்கள் அறுபது பேரும் கை தட்டினோம், நானும் பலமாகவே தட்டினேன்.

ஓராள் நாடகத்தின் வசதியும் கோளாறும் ஒரே இடத்தில் இருக்கிறது, எதிர்த்துப் பேச மேடையில் வேறு ஆளில்லை. மனைவி எஸ்லாண்டா அவரிடம் என்ன கேட்டிருப்பார், அவருக்குப் பியானோ வாசித்த லாரன்ஸ் பிரவுன் என்ன நினைத்திருப்பார் (அவரை வெறும் பக்கவாத்தியம் என்று எழுதியிருந்ததும் சரியில்லை, ‘ஸ்பிரிச்சுவல்’ என்கிற கறுப்பின மக்களின் ஆன்மிகப் பாடல்களைக் கச்சேரி மேடைக்கு ஏற்றதில் அவருக்குப் பாதிப் பங்கு) என்பதெல்லாம் காற்றில் போய்விடுகிறது. நாயகன் சொன்னதே கடைசி வார்த்தை. அந்த ஹோட்டல் அறைக் காட்சி ஒன்றுதான், நடிகர் நாக்கை ஒதுக்கிவைத்துவிட்டுக் கையால் நடிக்கவேண்டிய காட்சி. ஓராள் மேடைக்கென்றே அளவெடுத்தது போன்ற அதைப் போய் வேண்டாத அரசியல் என்கிறாரே!

ராப்சனை எப்படிக் காட்டுவது என்ற சண்டை புதிதில்லை. 1978-இல் பிலிப் ஹேய்ஸ் டீன் எழுதிய நாடகத்தில் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் (ஸ்டார் வார்ஸ் படத்து டார்த் வேடருக்குக் குரல் கொடுத்தவர் என்றால் பேரன்களுக்கும் புரியும்) பிராட்வேயில் ராப்சனாக நின்றபோது, எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் உட்பட ஐம்பத்தாறு பேர் கையெழுத்துப் போட்டு, இது அவரைச் சின்னதாக்குகிறது என்று பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார்கள். ராப்சன் செத்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இன்றைக்கு அவரைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காக்கவேண்டிய அவசியம் இல்லை. மிசிசிப்பி ஆற்றைப் பற்றிய ‘ஓல் மேன் ரிவர்’ என்ற அந்தப் பிரபலமான பாட்டில், வாழ அலுப்பு, சாகப் பயம் என்று இருந்த வரியையே சாகும்வரை போராடுவேன் என்று மாற்றிப் பாடியவர் அவர். நியூயார்க்கில் அவரைச் சந்தித்த அசாமியப் பாடகர் பூபேன் ஹசாரிகா அந்தப் பாட்டைத்தான் அசாமிய மொழிக்குக் கொண்டுபோய், கரையில் இத்தனை பேர் அழும்போது நீ ஏன் ஓடிக்கொண்டே இருக்கிறாய் என்று பிரம்மபுத்திராவைக் கேள்வி கேட்டார். ஆற்றையே கேள்வி கேட்கலாம் என்றால் ராப்சனைக் கேட்கக் கூடாதா?

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு போட்ட படத்துக்குக் கீழே, 1930-இல் லண்டன் ஒதெல்லோவில் பெக்கி ஆஷ்கிராஃப்ட்டுடன் என்று அச்சாகியிருக்கிறது. அது 1943-இல் தொடங்கிய பிராட்வே ஒதெல்லோ, 296 காட்சிகள் ஓடியது. டெஸ்டிமோனாவாக நிற்பவர் யூட்டா ஹேகன், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்கிற இயாகோ அவர் கணவர் ஹோசே ஃபெரர். அடுத்த தடவையாவது படத்தை வெட்டாமல் முழுசாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்