இவர்கள் எந்த மொழியில் சண்டை போடுவார்கள்?

வடக்கத்திப் பையன், தெற்கத்திப் பெண் என்று காதல் நகைச்சுவைப் படம் எடுக்கும் இந்தித் திரையுலகத்தாருக்கு,

வணக்கம். உங்கள் படம் ஒன்றை அண்மையில் பார்த்தேன். பெயர் வேண்டாம், எந்தப் பெயரைப் போட்டாலும் கதை ஒன்றுதான். பெண்ணின் ஊர் வந்ததும் கோயில் கோபுரம், மல்லிகைப்பூ, வேட்டியில் முறைக்கும் மாமாக்கள். இடைவேளை வரை காதல், அதற்கப்புறம் அப்பா. கடைசிப் பத்து நிமிடத்தில் பையன் மூச்சுவிடாமல் ஒரு வசனம் பேசுகிறான், அப்பா கண்கலங்கிப் பெண்ணை அனுப்பிவைக்கிறார்.

கிண்டல் செய்கிறீர்களே என்பதல்ல என் குறை. 1968-ல் 'படோசன்' படத்தில் மெஹ்மூத் குடுமியோடு வந்து தமிழ்ப் பாட்டு வாத்தியாராகக் கலக்கியதை நாங்களும் சிரித்துத்தான் பார்த்தோம். 2013-ல் 'சென்னை எக்ஸ்பிரஸ்' படத்தில் வில்லனுக்குத் 'தங்கபலி' என்று பெயர் வைத்தீர்கள். அப்படி ஒரு பெயர் கொண்ட ஆளை நான் இன்றுவரை சந்தித்ததில்லை. போகட்டும், அதற்கும் சிரித்தாயிற்று.

என் குறை வேறு. அந்த இரண்டு பேரும் தங்களுக்குள் எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள்? உங்கள் நாயகி கோபத்திலும் இந்தி, அழும்போதும் இந்தி, அம்மாவிடம்கூட "ஐயோ அம்மா" தாண்டியதும் இந்தி. அப்புறம் எங்கே இரண்டு கலாச்சாரம்? ஒரு கலாச்சாரமும் அதற்கு ஒரு பட்டுப்புடவையும்தான் இருக்கிறது.

1981-ல் பாலச்சந்தர் உங்கள் இந்தியிலேயே 'ஏக் தூஜே கே லியே' எடுத்தார். கதையில் நாயகன் கமல்ஹாசனுக்கு இந்தி வராது, நாயகி ரதி அக்னிஹோத்ரிக்குத் தமிழ் வராது. அந்த வராமைதான் படமே. லிஃப்டுக்குள் அவன் அவளிடம் பாடும் பாட்டு, இந்திப் படப் பெயர்களையே கோத்துக் கட்டியது. பேச்சு இல்லாதவன் கையில் கிடைத்ததை எடுத்துக் காதலைச் சொல்கிறான். எஸ்.பி.பி.யின் இந்தி உச்சரிப்பைப் பற்றித் தயக்கம் எழுந்தபோது, நாயகனே தமிழன்தானே, அப்படி இருப்பதுதான் பொருத்தம் என்று பாலச்சந்தர் நின்றதாகச் சொல்வார்கள். அந்தப் படத்துக்காக எஸ்.பி.பி.க்குத் தேசிய விருது கிடைத்தது. அது சோகப் படமாயிற்றே என்பீர்கள். முடிவுதான் சோகம். அதுவரை சிரிப்புக்குக் குறைவில்லை, அந்தச் சிரிப்பு ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாததிலிருந்து வந்தது. யாருடைய நிறத்திலிருந்தோ சாப்பாட்டிலிருந்தோ வரவில்லை.

அந்த அப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெண் காதலிக்கிறாள் என்று தெரிந்தால் இங்கே பல வீடுகளில் எழும் முதல் கேள்வி "பையன் என்ன ஆளுங்க?" என்பதுதான். உங்கள் அப்பா ஒருநாளும் அதைக் கேட்பதில்லை. பையன் கோழி சாப்பிடுவதும் சத்தமாகப் பேசுவதும்தான் அவருக்குப் பிரச்சினை. சாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சாம்பாரை வைத்துவிட்டீர்கள். கடைசி வசனத்தில் அவர் அவ்வளவு சுலபமாகக் கரைவது அதனால்தான்.

எங்கள் பக்கமும் யோக்கியமில்லை, ஒப்புக்கொள்கிறேன். "நிம்பள், நம்பள்" என்று பேசும் வட்டிக்கடை சேட்டை வைத்து எத்தனை படம் ஓட்டியிருக்கிறோம்! மும்பையிலிருந்து நாயகியைக் கூட்டிவந்து, வேறொருவர் குரலைக் கொடுத்து, கிராமத்துப் பெண் என்று நம்பச் சொன்னவர்களும் நாங்கள்தான்.

அடுத்த படத்தில் எனக்கு ஒரே ஒரு காட்சி போதும். கல்யாணமாகி ஆறு மாதம். சமையலறையில் ஏதோ சண்டை. அவள் கோபத்தில் இந்தியை விட்டுத் தமிழுக்குப் போய்விடுகிறாள். அவனுக்குப் பாதிதான் புரிகிறது, புரியாத பாதியில்தான் விஷயம் இருக்கிறது என்பதும் அவனுக்குத் தெரிகிறது. பின்னணி இசை வேண்டாம். அவன் என்ன செய்கிறான் என்று காட்டுங்கள், டிக்கெட் எடுத்துப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கடைசி வசனத்தின்போது வாசல் பக்கம் நகர்ந்துவிடும் ஒரு ரசிகை