விருலன்ஸ் ஜீன் பரிசோதனை: தவறான அறிக்கை குறித்த புகார்

அனுப்புநர்:
ஆய்வகப் பொறுப்பாளர்,
தனியார் மருத்துவமனை, கோத்தகிரி.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
மூலக்கூறு பரிசோதனைப் பிரிவு, கோயம்புத்தூர்.

ஐயா,

எங்கள் ஐசியுவில் வென்டிலேட்டரில் இருக்கும் பெரியவர் ஒருவரின் மூச்சுக்குழாய்ச் சளியில் வளர்ந்த கிளெப்சியெல்லா நிமோனியே கிருமியைச் சென்ற வாரம் உங்களுக்கு அனுப்பினோம். கேட்டது விருலன்ஸ் ஜீன் பேனல், அதாவது கிருமி எவ்வளவு கடுமையாக நோய் உண்டாக்கும் என்று காட்டும் ஜீன்களின் தொகுப்புப் பரிசோதனை. பணம் கட்டியதும் அதற்குத்தான். வந்த அறிக்கையில் இருப்பதோ என்டிஎம், ஆக்ஸா-48, கேபிசி. மூன்றுமே மருந்து எதிர்ப்பு ஜீன்கள். மருந்து கேட்காது என்பது எங்களுக்கே தெரியும். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் சென்சிட்டிவிட்டி தட்டில் மெரோபெனம் மருந்து வட்டை ஒட்டியே கிருமி வளர்ந்து கிடந்தது.

எங்கள் சந்தேகம் வேறு. காலனியை லூப்பால் தொட்டுத் தூக்கினால் பிசின் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது, 5 மில்லிமீட்டரைத் தாண்டியும் நூல் அறவில்லை. மிகக் கடுமையாக நோய் உண்டாக்கும் ஹைப்பர்விருலன்ட் வகையாக இருக்குமோ என்றுதான் ஆர்எம்பிஏ, ஆர்எம்பிஏ2, ஐயூசிஏ, ஐஆர்ஓபி, பெக்-344 என்று 5 விருலன்ஸ் ஜீன்களைப் படிவத்தில் பெயர் பெயராக எழுதி அனுப்பினோம். முதல் இரண்டும் கிருமியின் மேலுறையைக் கெட்டியாக்கத் தூண்டுபவை. ஐயூசிஏ, உடம்பிலுள்ள இரும்பைப் பறிக்கும் ஏரோபாக்டினுக்கானது. இப்படிப்பட்ட கிருமி நுரையீரலோடு நிற்காமல் கல்லீரலில் சீழ் கட்டவைக்கலாம், கண்ணுக்கும் மூளையுறைக்கும் போகலாம். சி.டி. ஸ்கேனுக்காக இந்த நிலையில் அவரை மேட்டுப்பாளையம் வளைவுகளில் இறக்குவதா வேண்டாமா என்று டாக்டர் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

அந்த நேரத்தில் உங்கள் அறிக்கையின் கடைசி வரி: 'விருலன்ஸ் ஜீன்கள் காணப்படவில்லை.' பார்க்கவே பார்க்காததை 'இல்லை' என்று எப்படி எழுதினீர்கள்? அந்த வரியை நம்பி ஸ்கேன் தள்ளிப்போனது.

போனில் கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதானே மேடம், ரெசிஸ்டன்ட்னாலே வீரியமான கிருமிதான்" என்கிறார் உங்கள் ஊழியர். பரிசோதனை விற்கும் இடத்தில் இப்படி ஒரு பதிலா! தைவானில் 1980களில் கவனத்துக்கு வந்த ஹைப்பர்விருலன்ட் கிருமிகள் பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்பட்டவையே. இரண்டு குணமும் ஒரே கிருமியில் சேர்ந்தபோது, 2016இல் சீனாவின் ஹாங்சோவில் ஒரு ஐசியுவில் தொற்றிய 5 பேரும் இறந்தார்கள். எங்கள் பயம் அதுதான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அதே கிருமியில் நாங்கள் எழுதிய 5 ஜீன்களையும் கட்டணமின்றி உடனே பாருங்கள். உங்களிடம் ஸ்டாக் இல்லையென்றால் எங்கள் ஃப்ரீசரில் இருக்கிறது, கூரியர் செலவு உங்களுடையது. பழைய அறிக்கையை ரத்து செய்து, கடைசி வரி தவறு என்று எங்கள் டாக்டருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அப்புறம், விலைப் பட்டியலில் ஒவ்வொரு பேனலுக்கும் எதிரே எந்தெந்த ஜீன் என்று அச்சிடுங்கள்.

அதுவரை உங்கள் இந்த மாத பில்லை நிறுத்திவைக்கும்படி கணக்குப் பிரிவில் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வகப் பொறுப்பாளர்