முறுக்கு டப்பாவுக்குள் வைத்தது

சங்கரன்கோவில்
சனிக்கிழமை இரவு

அன்பு மகள் கோமுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மேலத்தெரு மாமா நாளை பொதிகை ரயிலில் ஏறுகிறார். அம்மா முறுக்கும் பருப்புப்பொடியும் கொடுத்துவிடுகிறாள், திங்கள்கிழமை சாயங்காலம் ஹாஸ்டல் கேட்டில் வந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். டப்பாவின் அடியில், பேப்பருக்குக் கீழே இதை வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்று கேட்பாய், நம் வீட்டில் என் ஃபோன் யார் கையில் இருக்கும் என்று உனக்குத் தெரியாததா. பருப்புப்பொடியை ரூமில் எல்லோருக்கும் கொடு, ஆனால் உனக்கும் கொஞ்சம் வைத்துக்கொள். போன தடவை ஒரே ராத்திரியில் தீர்ந்தது என்றாய். மெஸ்ஸில் இட்லி பிடிக்கவில்லை என்றால் சோற்றில் பொடி போட்டாவது சாப்பிடு. காலையில் வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகாதே.

போன ஞாயிறு நீ அம்மாவிடம் சொன்னதை காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். திங்கள் விஎல்எஸ்ஐ டெஸ்ட், செவ்வாய் டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் டெஸ்ட், புதன் வயர்லெஸ் டெஸ்ட், வியாழன் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து, வெள்ளி சிம்போசியம், சனிக்கிழமைகூட விடாமல் பிளேஸ்மென்ட் டிரெய்னிங். "இந்த வாரம் தலைக்கு மேல வேலைம்மா, நானே கூப்பிடுறேன்" என்றாயாம். சரி, அதற்குப் பிறகு நீ கூப்பிடவில்லை. புதன்கிழமை ராத்திரி மட்டும் "எக்ஸாம் எல்லாம் நல்லா எழுதினேன், குட் நைட்" என்று ஒரு மெசேஜ் வந்தது. அம்மா அதை ஆச்சிக்கும் வாசித்துக் காட்டினாள்.

காலேஜ் பிள்ளைகளின் வாரம் எப்படி இருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியாது என்று நினைக்காதே. தினமும் என் பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போகிறவர்கள்தானே. இன்டர்னல் டெஸ்ட் நடக்கிற வாரம் என்றால் யாரும் சொல்லாமலேயே எனக்குத் தெரிந்துவிடும். மற்ற நாளில் பாட்டுப் போடுங்கண்ணே என்று உயிரை வாங்குகிறவன்கள் அன்றைக்கு வாயைத் திறப்பதில்லை, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் ஜெராக்ஸ் தாளை வைத்து முணுமுணுத்துக்கொண்டு நிற்பார்கள். தேவர்குளத்தில் ஏறுகிற ஒரு பிள்ளை இந்த வாரம் டிக்கெட்டுக்குச் சில்லறை கொடுத்துவிட்டு டிக்கெட்டை வாங்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சூத்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. நான் டிக்கெட்டை அவள் நோட்டுக்குள் செருகிவிட்டு வந்தேன். சாயங்காலம் திரும்பும்போது யார் நன்றாக எழுதியிருக்கிறார்கள், யார் சொதப்பியிருக்கிறார்கள் என்பதும் ஏறுகிற வேகத்திலேயே தெரியும். வெள்ளிக்கிழமை ஆனால் எல்லாம் மறந்து போய்விடும், மறுபடியும் பாட்டு.

உன் வீடியோவைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஸ்டேட்டஸில் வைத்திருந்தாயே, மேடையில் நின்று இங்கிலீஷில் எல்லோரையும் வரவேற்றுப் பேசியது. முப்பது செகண்டுதான் இருந்தது. மானூரில் டீ குடிக்க நிறுத்தினபோது டிரைவர் அண்ணனிடம் காட்டினேன், "நம்ம புள்ளையா இது" என்று கேட்டார். அந்தப் பச்சைச் சேலை யாருடையது, உன் ரூம்மேட்டுடையதா? முதல் செமஸ்டரில் பாத்ரூமுக்குள் நின்று ஃபோன் பண்ணினாயே, மிஸ் சொல்வது ஒன்றும் புரியவில்லை, எல்லாம் இங்கிலீஷில் ஓடுகிறது, நான் வந்துவிடுகிறேன் என்று, அந்தப் பிள்ளையா இது என்று எனக்கே இருந்தது. உன் பள்ளிக்கூட ஹெச்எம் டீச்சர் நம்பருக்கும் அனுப்பிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

ஸ்டேட்டஸ் வைக்க நேரம் இருக்கிறது, அம்மாவிடம் இரண்டு நிமிஷம் பேச நேரம் இல்லை. அது வேறு.

சரி, சுற்றி வளைத்து எழுதிக்கொண்டே போகிறேன். உங்கள் காலேஜிலிருந்து பெற்றோர் ஃபோனுக்கு மெசேஜ் வரும் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் ஸ்டாண்டில் சாப்பிட உட்கார்ந்தபோது வந்தது. "டியர் பேரன்ட்" என்று ஆரம்பித்து, உன் பெயர், உன் நம்பர், டெஸ்டுக்கு ஆப்சென்ட். முதலில் மெஷின் தப்பாக அனுப்பியிருக்கும் என்று நினைத்தேன். போன வருஷம் நீ வகுப்பில் இருந்தபோதே ஒரு தடவை அப்படி வந்ததே. இப்போதும் அப்படி இருக்கலாம். சிம்போசியம் வேலைக்காக ஆன் டூட்டி போட்டிருப்பார்கள் என்றும் நினைத்தேன், ஆனால் டெஸ்ட் நேரத்தில் யார் ஆன் டூட்டி கொடுக்கப்போகிறார்கள். அந்த மெசேஜை அம்மா பார்ப்பதற்குள் அழித்துவிட்டேன். உனக்குக் காய்ச்சலா? தலை சுற்றி விழுந்தாயா? ராத்திரி இரண்டு மணி வரை சிம்போசியத்துக்கு பேனர் ஒட்டிவிட்டுத் தூங்கிப்போனாயா? இதில் எது என்றாலும் எனக்கு நிம்மதி. புதன்கிழமை "எல்லாம் நல்லா எழுதினேன்" என்று வந்ததே, அதுதான் நெஞ்சில் நிற்கிறது.

டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பிள்ளையார் சதுர்த்திக்கு வந்திருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து அந்த ஸ்மித் சார்ட் தாளில் காம்பஸை வைத்து வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தாய். வட்டத்துக்குள் வட்டம், ஓரத்தில் பொடிப்பொடியாக நம்பர்கள். அம்மா வந்து பார்த்துவிட்டு மார்கழிக் கோலத்துக்கு இப்போதே பழகுகிறாயா என்று கேட்டாள். நீ சிரிக்கவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப்போட்டுவிட்டு இன்னொன்று எடுத்தாய், அதையும் கிழித்தாய். அன்றைக்கே கேட்டிருப்பேன், டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உன்னிடம் ஒரு பையனைப் பற்றிச் சொன்னதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பனவடலிசத்திரத்தில் ஏறுவான். காலேஜ் பையும் டிபன் பாக்ஸுமாக காலை டிரிப்பில் வருவான், சாயங்காலம் திரும்புவான். மத்தியானம் நான் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டிருக்கும்போதும் அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். கொஞ்ச நாள் கவனித்துவிட்டு ஒரு சாயங்காலம் கூட்டமில்லாத நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஒரே ஒரு பேப்பர் போயிருக்கிறது, அதற்கு வகுப்பில் எழுப்பி நிறுத்தி ஏதோ சொல்லியிருக்கிறார்கள், மறுநாள் போகக் கூச்சமாக இருந்திருக்கிறது, அதற்கு மறுநாள் நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்று இருந்திருக்கிறது, அப்படியே செமஸ்டர் முழுக்க ஓடிவிட்டது. அட்டென்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போனது, பரிட்சை எழுத விடவில்லை. வீட்டில் யாருக்கும் தெரியாது. அவன் அம்மா தினமும் டிபன் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், அதை ஸ்டாண்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். அப்புறம் அவன் மாமாவைக் கூப்பிட்டுப் பேசி, காலேஜுக்குப் போய்ப் பார்த்து, இப்போது வேறு இடத்தில் பாலிடெக்னிக் படிக்கிறான், நன்றாக இருக்கிறான். செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்தப் பெஞ்சைப் பார்க்காமல் வண்டியை எடுக்க முடியவில்லை.

பேப்பரில் வருகிற செய்தியெல்லாம் நான் வீட்டில் வாசிப்பதில்லை. வாசிக்காமல் மடித்து வைத்துவிடுகிறேன். உனக்குப் புரியும்.

கணக்கும் விசாரித்துவிட்டேன், ஸ்டாண்டில் என்ஜினியரிங் படிக்கிற பையன்கள் இல்லாமலா. இன்டர்னலுக்கு 40, செமஸ்டர் பரிட்சைக்கு 60. செமஸ்டரில் 45 சதவீதம் வாங்கி, இரண்டும் சேர்ந்து 50 வந்தால் பாஸ். ஒரு டெஸ்ட் போனதாலேயே பேப்பர் போய்விடாது. காரணம் சொன்னால் ரீடெஸ்ட் வைப்பார்கள் என்றும் ஒருவன் சொன்னான். உங்கள் டிபார்ட்மென்டில் எப்படி என்று நீதான் போய்க் கேட்கவேண்டும், அதுவும் திங்கள்கிழமையே. ட்யூட்டர் மேடம் நல்லவர் என்று நீயே சொன்னாய். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் ரூம்மேட்டைக் கூட்டிக்கொண்டு போ. நான் வரவேண்டும் என்றாலும் வருகிறேன். லீவ் இல்லை என்பது என் பாடு.

இன்னொன்றும் கேட்கவேண்டும். ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் வந்தவள் என்று யாராவது ஏதாவது சொன்னார்களா? முதல் வருஷம் ஒரு பிள்ளை சொன்னதாக தம்பியிடம் சொல்லியிருக்கிறாய், அவன் என்னிடம் உளறிவிட்டான், அவனைத் திட்டாதே. 2021ல் அந்தச் சட்டம் வந்தபோது நீ பதினொன்றாம் வகுப்பு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குத்தான் அந்த சீட். யாருடைய இடத்தையும் பிடுங்கிக்கொண்டு நீ போகவில்லை. பீஸும் ஹாஸ்டலும் அரசாங்கம் கட்டுகிறது, மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப்பெண் பணமும் வருகிறது என்பதற்காக, ஒரு மார்க் குறைந்தால்கூட யாருக்கோ கணக்குச் சொல்லவேண்டும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாயோ என்று எனக்கு ஒரு சந்தேகம். இந்தத் தெருவில் முதலில் என்ஜினியரிங் போன பொண்ணு என்று அம்மா போகிற இடமெல்லாம் சொல்கிறாள், நானும் சொல்கிறேன், இப்போது வீடியோவை வேறு ஊரெல்லாம் காட்டிவிட்டேன். அதற்காக நீ விழாமலேயே இருக்கவேண்டும் என்று இல்லை. ஆனால் பொய் சொல்லக்கூடாது தாயி. மார்க் குறைந்தால் எனக்கு ஒரு நாள் வருத்தம், அவ்வளவுதான். நீ நல்லா எழுதினேன் என்று சொல்லிவிட்டால், அடுத்த தடவை நீ நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும்போது நான் எதை நம்புவேன் சொல்லு.

திட்டுவதற்காக எழுதவில்லை. அப்படிப் பட்டால் அந்தப் பத்தியை விட்டுவிட்டு மற்றதை வாசி.

புரட்டாசி பிறந்துவிட்டதால் வீட்டில் கவிச்சி கிடையாது, தம்பிதான் புலம்புகிறான். அவன் பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் கணக்கு நன்றாக எழுதியதாகச் சொல்கிறான், இவனையும் நம்பவேண்டியிருக்கிறது. ஆச்சிக்கு முட்டுவலி குறைவு. மல்லிகை விலை பூ மார்க்கெட்டில் நவராத்திரிக்கு ஏறிவிடும் என்று அம்மா இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆயுத பூஜை புதன்கிழமை, வியாழன் காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும். செவ்வாய் ராத்திரி பொதிகைக்கு உனக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். 60 நாள் முன்னாலேயே எடுக்காததால் வெயிட்டிங் லிஸ்டில் கிடக்கிறது. கிடைக்கவில்லை என்றால் முந்தின நாள் 11 மணிக்குத் தட்கல் பார்க்கிறேன், அதுவும் இல்லை என்றால் கிளாம்பாக்கத்திலிருந்து நம்ம பஸ். ரெக்கார்டு இருக்கிறது, அசைன்மென்ட் இருக்கிறது என்று சொல்லாதே, அதைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து எழுது. டெப்போவில் இந்த வருஷம் நம் வண்டிக்கு நான்தான் வாழைக்கன்று கட்டுகிறேன். ஸ்மித் சார்ட் தாளும் கொண்டுவா. எனக்கு ஒன்றும் புரியாது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாவிடம் மெசேஜ் பற்றி நான் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. நீயே சொல்லு, ஃபோனில் இல்லை, வரும்போது. ரூமில் யாராவது உனக்கு ரொம்ப நாளாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை என்று சொன்னால் அதைச் சட்டை செய். காலேஜில் கவுன்சிலர் இருக்கிறார் என்று அட்மிஷன் அன்றைக்கு ஒரு பேப்பர் கொடுத்தார்கள், உன் ஃபைலில்தான் இருக்கும், தேடு. காலையில் சாப்பிடாமல் போகாதே.

திங்கள் எனக்கு ரெஸ்ட். மாமா டப்பாவைக் கொடுத்ததும் நீ இதை வாசித்துவிடுவாய் என்று நினைக்கிறேன். ஃபோனை அன்றைக்கு முழுக்க என் சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன், அம்மா கேட்டால் டெப்போவிலிருந்து கால் வரும் என்று சொல்லிக்கொள்கிறேன். ராத்திரி எத்தனை மணி ஆனாலும் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: டப்பாவைக் கழுவி மாமாவிடமே கொடுத்துவிடு, அது சித்தி வீட்டுடையது.